ஐயனார் கோயில் குதிரையும் முழுநிலவும்: என் முதல் நிலவொளி ஓவியத்தில் பிழை எங்கே?

அல்லி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பத்து மாதங்களாக அக்ரிலிக் வண்ணத்தில் நிலக்காட்சி வரையப் பழகி வருகிறேன். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. வங்கி வேலை முடிந்து வீடு திரும்பி, சமையலையும் முடித்த பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரமே என் வகுப்பு. இதுவரை வயல், தோப்பு, மலையடிவாரம் என்று பகல் காட்சிகளையே வரைந்து வந்த நான், முதன்முறையாக ஓர் இரவுக் காட்சியை முயன்று, அதன் புகைப்படத்தை இங்கே இணைத்திருக்கிறேன்.

படம் 16க்கு 12 அங்குல கான்வாஸ் போர்டில் வரையப்பட்டது. சிவகங்கைப் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய்தான் களம். மேற்பாதியில் கருநீல வானமும் நிறைய விண்மீன்களும். நடுவிலிருந்து சற்று வலப்புறமாக முழுநிலா. அதற்குக் கீழே, அடிவானத்தை ஒட்டி, சூரியன் மறைந்த பின் எஞ்சும் ஆரஞ்சு வெளிச்சம். இடப்புறக் கரையில் மூன்று பனைகள். வலப்புறத்தில் ஐயனார் கோயிலின் காவியும் வெள்ளையுமான பட்டைச் சுவர். சுவருக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுடுமண் குதிரை. கீழ்ப்பாதி முழுவதும் நீர். நிலவின் ஒளித்தடத்தை நீரின் மேல் இட மூலையை நோக்கிச் சாய்வாக இழுத்திருக்கிறேன். நேராக வரைந்தால் படம் விறைப்பாகத் தெரியும் என்று எண்ணினேன்.

இந்தப் படம் ஒரு நினைவிலிருந்து வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு பங்குனி உத்திர இரவில் அப்பாவின் சைக்கிளில் பின்னால் அமர்ந்து கண்மாய்க்கரை வழியாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தோம். அப்போது மின்விளக்கு அந்தப் பக்கம் வரவில்லை. வளைவில் திரும்பியதும் அந்தக் குதிரை, தனக்குள்ளேயே வெளிச்சம் இருப்பது போல, இருட்டிலிருந்து எழுந்து நின்றது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குதிரையைத்தான் வரைய விரும்பினேன்.

ஆனால் வரைந்து முடித்தபின் பார்த்தால், குதிரை டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கிறது. நிலா ஒட்டுப்படம் போல வானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலவின் மீது மூன்று முறை டைட்டானியம் ஒயிட் பூசியும் அது ஒளிரவில்லை. வானத்தில் தூரிகைக் கோடுகள் வரி வரியாகத் தெரிகின்றன. வீட்டிலும் அலுவலகத்திலும் காட்டினால் எல்லோரும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளவே கேட்கிறேன்.

கரித்துண்டு எழுதியது:

அம்மா, 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மாற்றவே வேண்டாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பழகுபவர்கள் திருத்தும் ஆர்வத்தில் நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவது வழக்கம். நடுப்பனையின் கழுத்தில் காய்ந்த மட்டைகள் தொங்குவதை வரைந்திருக்கிறீர்கள். பனையை நேரில் பார்க்காதவர்கள் அதைத் தென்னைபோல வழவழப்பான தண்டோடு வரைவார்கள். உங்கள் பனை பனையாகவே நிற்கிறது. நீரின் வலது கீழ்ப்பகுதியில் அல்லி, கொக்கு, படகு என்று எதையும் திணிக்காமல் வெறுமையாக விட்டிருப்பதும் நல்ல முடிவு.

இனி ஒரு கேள்வி. நீங்கள் வரைய விரும்பியது நிலவையா, நிலவு ஒளியூட்டிய குதிரையையா? உங்கள் படத்தின் குழப்பம் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை முடிவாகாததால் வந்தது என்பது என் கணிப்பு. நிலா படத்துக்குள் இருக்கிறது என்றால் அது குதிரைக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு முன்பக்கம் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்றால் எப்படி? நம் பக்கம் திரும்பியிருக்கும் குதிரையின் மார்பும், கோயில் சுவரும், பனையின் தண்டும் நமக்கு இருட்டுப் பக்கத்தையே காட்டும். பிடரியின் விளிம்பில், காதின் நுனியில், சுவரின் மேல்வரம்பில் மெல்லிய ஒளிக்கோடு மட்டும் ஓடும். நிழல்களும் நம்மை நோக்கியே நீளும். நீங்களோ குதிரையின் நிழலை வலப்பக்கமாகத் தள்ளியிருக்கிறீர்கள். பார்ப்பவருக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் கண் அதை ஏற்காது. உங்கள் கண்ணும் ஏற்கவில்லை என்பதால்தான் டியூப்லைட் நினைவுக்கு வந்திருக்கிறது.

அடுத்தது, நிலா ஏன் ஒளிரவில்லை என்ற உங்கள் கேள்வி. டியூபில் இருக்கும் வெள்ளையைவிட வெள்ளையான வெள்ளை ஒன்று கடையில் கிடைப்பதில்லை. அந்த ஒரே வெள்ளையை நீங்கள் நிலவுக்கும், ஒளித்தடத்துக்கும், குதிரைக்கும், சுவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டீர்கள். நால்வரும் சமமாக நிற்கும் இடத்தில் நிலா மட்டும் எப்படித் தலைநிமிரும்? மூன்று பூச்சு என்ன, பத்துப் பூச்சு பூசினாலும் வண்ணம் தடிக்குமே தவிர ஒளி கூடாது. மற்றவர்களைக் கீழே இறக்க வேண்டும். வகுப்பில் டோன் என்று சொல்வோமே, அந்தக் கணக்கில் தூய வெள்ளையை 1 என்றும் முழுக் கறுப்பை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிலா மட்டுமே 1. நீரில் ஆங்காங்கே தெறிக்கும் துளிகள் 2 அல்லது 3. நிலவைச் சுற்றிய வானம் 5, உச்சி வானம் 7, பனைகள் 9. பின்னொளியில் நிற்கும் சுண்ணாம்புக் குதிரைகூட 7க்கு மேல் வெளுக்கக் கூடாது. 'வெள்ளைக் குதிரைக்கு இவ்வளவு இருண்ட சாம்பலா?' என்று கை நடுங்கும்; நடுங்கினாலும் பூசிப் பாருங்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓவியத்தைப் பகலில், வெயில் நேராகப் படாத சன்னலோரத்தில் வைத்துப் படமெடுத்து, கைப்பேசியில் அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் உங்கள் படத்தை அப்படி மாற்றிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது சுவர், பிறகு குதிரை, மூன்றாவதாகத்தான் நிலா.

நீரைப் பற்றி ஒரு வரி. நிலவின் ஒளித்தடம் எப்போதும் நிலவுக்கு நேர் கீழே, பார்ப்பவரை நோக்கிச் செங்குத்தாகவே இறங்கும். கரையில் நீங்கள் நடந்தால் அதுவும் கூடவே நடந்து வரும், சாய்ந்து ஓடாது. விறைப்பாகத் தெரிவதைத் தவிர்க்க வேண்டுமானால் தடத்தைத் துண்டு துண்டாக உடையுங்கள்: தொலைவில் நெருக்கமான மெல்லிய கோடுகள், அருகே வர வர இடைவெளி விட்ட அகலமான தீற்றல்கள். மேலும், அசையாத நீரில்தான் நிலா வட்டமாகத் தெரியும். காற்று அலைத்த நீரில் தடமாக நீளும். நீங்கள் வட்டத்தையும் தடத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அன்று காற்று அடித்ததா இல்லையா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

விண்மீன் விரும்பி எழுதியது:

ஓவியத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. தொலைநோக்கியோடு இரவில் மொட்டைமாடியில் நிற்பவன் என்ற முறையில் வானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அடிவானத்தின் ஆரஞ்சு வெளிச்சம் அங்கே இருக்க முடியாது. முழுநிலா என்பது சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலா. சூரியன் மேற்கில் மறையும்போது அது கிழக்கில் எழும். எனவே அந்தி வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். நிலவுக்குக் கீழே வண்ணம் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் இயற்கையில் இடமுண்டு: சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கீழ்வானத்தில் சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்று எழும்பும், அது பூமியின் நிழல். அதற்கு மேலே வெளிறிய ரோஜா நிறப் பட்டை ஒன்று சிறிது நேரம் நிற்கும். ஆனால் அது நிலவொளிக் காட்சியாகாது. அப்போது தரையில் பகல் வெளிச்சமே மிஞ்சியிருக்கும்.

நிலவின் அளவைப் பார்ப்போம். நிலவின் விட்டம் வானத்தில் ஏறத்தாழ அரை பாகை. கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் நகத்தாலேயே அதை மறைத்துவிடலாம். அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் மனத்தின் ஏமாற்றுத்தான். உங்கள் படம் 40 சென்டிமீட்டர் அகலம். நிலா 5 சென்டிமீட்டர் இருக்கும் போலத் தெரிகிறது. 5 சென்டிமீட்டர் அரை பாகை என்றால் படத்தின் முழு அகலமே 4 பாகைதான் ஆகிறது. நாங்கள் பயன்படுத்தும் சாதாரண பைனாகுலரில் தெரியும் வட்டம்கூட அதைவிடப் பெரியது. அந்தக் கணக்கில் 15 சென்டிமீட்டர் உயரம் வரைந்திருக்கும் பனை, நிஜத்தில் 15 மீட்டர் உயர மரம் என்று கொண்டால், அரை கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்க வேண்டும். அவ்வளவு தொலைவில் நிற்கும் பனையின் காய்ந்த மட்டைகளை இரவில் யாரால் எண்ண முடியும்? கரையில் நின்று இயல்பாகப் பார்க்கும் 60 பாகை அகலக் காட்சியை வரைந்தால், நிலா இந்தப் படத்தில் 3 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு மிளகைவிடச் சிறியது.

விண்மீன்களையும் பெரும்பாலும் எடுத்துவிடலாம். முழுநிலா இரவில் வானமே வெளிறிவிடுவதால் பிரகாசமான சில மட்டுமே தெரியும். நிலவின் அருகில் அவையும் தெரியாது.

நிறங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த மங்கலில் நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் பெரும்பாலும் ஓய்ந்து, வெளிச்சத்தை மட்டும் அறியும் செல்கள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. இவை நீலப் பச்சைப் பக்கம் கூர்மையாகவும் சிவப்புப் பக்கம் ஏறக்குறையக் குருடாகவும் இருப்பவை. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது. நிலவொளி நிஜத்தில் சூரிய ஒளியைவிடச் சற்றுச் சிவப்புப் பக்கம் சாய்ந்ததே. ஆனாலும் நமக்கு நீலமாகத் தோன்றுவதில் இதற்குப் பங்குண்டு. ஆகையால் கோயில் சுவரின் காவிப்பட்டை உங்கள் படத்தில் உள்ளதுபோலச் செக்கச் செவேல் என்று தெரியாது, கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். புல்லின் பச்சையும் சாம்பலாகும்.

முடிந்தால் அடுத்த பௌர்ணமிக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பாருங்கள். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலா எழுந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கோட்டோவியம் எழுதிக்கொள்ளலாம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். அதற்குள் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் கணக்கு மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தறிமேடை எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் மிளகளவு நிலா என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பாகைமானியை வைத்து அளப்பதற்கு ஓவியம் நில அளவைப் படமா?

ஜெர்மனியைச் சேர்ந்த ஆடம் எல்ஷைமர் 1609இல் செப்புத் தகட்டில் வரைந்த 'எகிப்துக்குத் தப்பி ஓடுதல்' இன்று மியூனிக் நகரின் ஆல்டே பினக்கோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 31க்கு 41 சென்டிமீட்டர்; ஏறக்குறைய அல்லி அவர்களின் படத்தளவுதான். அதில் முழுநிலவும் அதன் நீர்ப்பிம்பமும் வலப்புறம் இருக்க, அதே வானத்தில் பால்வீதியும் ஓடுகிறது. முழுநிலா அன்று பால்வீதி கண்ணுக்குத் தெரியாது என்பதை விண்மீன் விரும்பியே ஒப்புக்கொள்வார். ஆனாலும் 400 ஆண்டுகளாக அந்தப் படத்தை இரவு என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நடுவே, குழந்தை இயேசுவோடு தப்பிச் செல்லும் யோசேப்பின் கையில் உள்ள தீப்பந்தமும் இடப்புறத்தில் இடையர்களின் நெருப்பும் மஞ்சளாக எரிவதால்தான் நிலா அவ்வளவு குளிர்ச்சியாகத் தெரிகிறது. அல்லி அவர்கள் கோயிலில் ஒரு சிறிய அகல்விளக்கு வைக்கலாமே என்பது என் யோசனை.

கரித்துண்டு எழுதியது:

தறிமேடை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஓவியர்கள் நிலவை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்குவது வழக்கமே, நானும் செய்வேன். ஆனால் பெரிதாக்கியதால் மட்டும் நிலா ஒளிராது. ரஷ்ய ஓவியர் ஆர்க்கிப் குயிஞ்ஜி 1880இல் 'தினீப்பர் ஆற்றின் மீது நிலவு இரவு' என்ற ஒரே ஓவியத்தை மட்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருட்டாக்கிய அறையில் விளக்கொளியில் காட்சிக்கு வைத்தார். வந்தவர்களில் சிலர், பின்னால் விளக்கு ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார்களாம். ஒன்றரை மீட்டர் அகலத்தை நெருங்கும் அந்தப் படத்தில் நிலா சிறியதுதான். பரந்த இருட்டை விரித்துவிட்டு, ஆற்றின் ஒரு வளைவை மட்டும் பச்சை கலந்த வெள்ளியாக மின்னவிட்டிருக்கிறார். (அவர் பயன்படுத்திய தார் கலந்த வண்ணங்கள் காலப்போக்கில் கறுத்துப்போய், இன்று நாம் பார்ப்பது அன்றைய ஒளி முழுவதும் அல்ல என்பது வேறு வருத்தம்.)

அகல்விளக்கைப் பற்றி: வைக்கலாம். ஆனால் அதை வைத்த கணம் கண் முதலில் அங்கேதான் போகும். குதிரை இரண்டாமிடத்துக்குப் போய்விடும். அதற்கு அல்லி சம்மதிக்க வேண்டும்.

வாவிக்கரை எழுதியது:

அக்கா, நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வாவியை நிலவில் வரைந்து வரைந்து ஏழெட்டு கான்வாஸைப் பாழாக்கியவன் என்பதால், வானத்தில் விழும் வரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். (பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள், அதைக் கேட்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.)

அந்த வரிகளுக்குக் காரணம் உங்கள் கை அல்ல, நம் ஊர் வெக்கை. அக்ரிலிக் நம் நாடுகளில் மூன்று நான்கு நிமிடங்களில் இழுக்கத் தொடங்கிவிடும். பாதி காய்ந்த வண்ணத்தின் மேல் மறுபடி தூரிகையை ஓட்டினால் அது கலக்காது, சுரண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு, கான்வாஸ் மீது ஸ்ப்ரே போத்தலால் லேசாக நீர் தெளித்து, இரண்டு அங்குல பிளாட் பிரஷால் வானத்தை ஒரே மூச்சில் போட வேண்டும். வேண்டிய மூன்று நீலங்களையும் முன்கூட்டியே தாராளமாகக் கலந்து, மூடியுள்ள சிறு டப்பாக்களில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் வண்ணம் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. கடைசியில் உலர்ந்த மாப் பிரஷால் (மென்மையான மயிருள்ள பருத்த தூரிகை), அழுத்தமே இல்லாமல், குறுக்கும் நெடுக்குமாகத் தடவினால் வரிகள் கரைந்துவிடும். ஒரு முறையில் சரியாக வரவில்லை என்றால் நன்றாகக் காயவிட்டு முழு வானத்தையும் மறுபடி போடுங்கள்; ஈரத்தில் ஒட்டுப் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

நீங்கள் நீலத்தோடு டியூப் கறுப்பைக் கலந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வானத்தில் ஒரு கரிப்புகை வாடை அடிக்கிறது. அல்ட்ராமரின் புளூவோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தைக் கலந்து பாருங்கள். அம்பர் கூடினால் வெதுவெதுப்பான இருட்டு, நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு. பனைக்கு முதலாவது, வானத்துக்கு இரண்டாவது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுபோகும் என்பதையும் மனத்தில் வைத்து, கலக்கும்போது ஒரு படி வெளிச்சமாகவே கலக்கவேண்டும். நிலவைச் சுற்றி வளையம் வளையமாக வெள்ளை போட்டிருக்கிறீர்களே, அது வேண்டாம். வானத்தின் நீலத்திலேயே சிறிது வெள்ளையும் ஒரு பொட்டு அம்பரும் சேர்த்து, நிலா வரப்போகும் இடத்தில் முதலில் ஒரு மங்கலைப் பரப்பிவிட்டு, எல்லாம் காய்ந்தபின் கடைசித் தூரிகையாக நிலவை வையுங்கள்.

அல்லி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. காரணம், ஊருக்குப் போய்வந்தேன்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் சனிக்கிழமையாக அமைந்தது. ஐந்தரை மணிக்கே தம்பி மகனோடு கண்மாய்க்கரைக்குப் போய், குதிரையைக் கோட்டோவியமாக எழுதிக்கொண்டு, இருட்டும்வரை கைப்பேசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். விண்மீன் விரும்பி ஐயா சொன்னபடியே காவிப்பட்டைகள் முதலில் பழுப்பாகி, பிறகு சுவரில் யாரோ கரியால் இழுத்த கோடுகள் போலாயின. இடையில் இருந்த வெள்ளைப் பட்டைகள் மட்டும் தனித்தனியாக மிதந்தன. மேற்குக் கரையில் நின்று நீரையும் நிலவையும் பார்த்தபோது குதிரை வெறும் கறுப்புருவமாக நின்றது. கரித்துண்டு ஐயா எழுதியதை அப்படியே கண்ணால் கண்டேன். காதின் விளிம்பில்கூட ஒளிக்கோடு இருந்தது.

பிறகு கரையில் இறங்கி மறுபக்கம் போய், நிலா என் முதுகுக்குப் பின்னால் வரும்படி திரும்பி நின்றேன். அந்தப் பழைய குதிரை அங்கே நின்றது. சிறு வயதில் நாங்கள் கிழக்கிலிருந்துதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நினைவில் நான் நிலவையும் குதிரையையும் சேர்த்தே வைத்திருந்தேன். உண்மையில் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்திருக்கவே முடியாது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு, குதிரையின் பீடத்துக்கு ஒரு முழம் முன்பாக முடிந்தது. அதைப் பார்த்ததும் தம்பி மகனை அவனுடைய சைக்கிளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன்.

புதிய படத்தை இணைத்திருக்கிறேன். இதில் நிலா இல்லை. கண்மாய் நீரும் படத்தை விட்டுப் போய்விட்டது. அதில் எனக்குச் சற்று வருத்தமே, நீங்கள் பாராட்டிய பனையும் ஒன்றுதான் எஞ்சியது. சாம்பல் நீல வானம், இருண்ட மரக்கூட்டம், பட்டைச் சுவர், குதிரை. முன்புறத் தரையில் ஒரு சைக்கிளின் நிழலும், அதைப் பிடித்து நிற்கும் ஆளின் நிழலும், பின்னால் அமர்ந்த சிறுமியின் நிழலும். குதிரையைத் தவிர வேறெங்கும் 4க்கு மேல் வெளுக்கவிடவில்லை. அதன் மார்பிலும் நெற்றியிலும் மட்டும் 2 வரை போனேன். தூய வெள்ளையை எங்கும் தொடவில்லை. வானத்தை மூன்று முறை போட்டேன். மூன்றாம் முறை வரி விழவில்லை. அகல்விளக்கு வைக்கவில்லை, தறிமேடை மன்னிக்க வேண்டும்.

இதிலும் குறை இருக்கும். சொல்லுங்கள்.

தறிமேடை எழுதியது:

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. விளக்கு வேண்டாம் என்பது இப்போது எனக்கே தெரிகிறது. மரக்கூட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் கத்தரியால் வெட்டியதுபோல இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் இலைக்கும் வானத்துக்கும் இடையே அவ்வளவு தெளிவான எல்லை கண்ணுக்குக் கிடைக்காது. உலர்ந்த தூரிகையால் அங்கங்கே தேய்த்துக் கரைத்துவிடுங்கள்.

விண்மீன் விரும்பி எழுதியது:

சைக்கிளின் நிழலில் ஒரே ஒரு திருத்தம். சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றையும் நிழலில் வரைந்திருக்கிறீர்கள். நிலவும் சூரியனைப் போலவே அரை பாகை அகலமுள்ள விளக்கு என்பதால், ஒரு பொருளின் முழு நிழல் அந்தப் பொருளின் தடிமனைப் போல ஏறத்தாழ 110 மடங்கு தூரம்வரைதான் நிற்கும்; அதன்பின் கலைந்து வெளிறிவிடும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு அது 22 சென்டிமீட்டர். நிலா 30 பாகை உயரத்தில் இருந்தால், தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் வரையில் உள்ள கம்பிகளுக்கு மட்டுமே நிழல் விழும்; அதையும் அந்த மங்கலில் கண் பிரித்தறியாது. சக்கர வளையம், ஹேண்டில்பார், மனித உருவங்கள் ஆகியவற்றின் நிழல்கள் தாராளமாக நிற்கும்.

கரித்துண்டு எழுதியது:

கம்பிகளை அழிக்கும்போது நிழலின் நிறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அம்மா. ஆளின் நிழலை எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக நிரப்பியிருக்கிறீர்கள். கால்மாட்டில் அம்பர் கலந்த 9 இருக்கட்டும். தலைப்பக்கம் போகப் போக நீலம் கூடி 7 ஆகட்டும், விளிம்பும் அங்கே சற்று மங்கட்டும். புழுதித் தரையில் விழும் நிழல் என்பதால் வானத்தின் வெளிச்சம் சிறிது உள்ளே வந்தே தீரும். சிறுமியின் நிழலில் ஒரு கை முன்னால் இருப்பவரின் முதுகைத் தொடும் இடத்தில் ஒரு நூலளவு தரையை விட்டுவைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் தொட வேண்டாம்.